கோமதிநாயகத்தின் பெயரில்லாச் செடி

செவ்வாய்க் கிரகத்தின் மூன்றாம் குமிழிக் குடியிருப்புக்கு வாரந்தோறும் தாவரத் தணிக்கையன் வரும். ஆறு காலும் ஓர் ஊதுகுழலும் கொண்ட இயந்திரம். பெயர் தெரியாத செடியைக் கண்டால் நின்ற இடத்திலேயே ஆவியாக்கி, அந்த ஈரத்தைக் குடிநீர்த் தொட்டியில் சேர்த்துவிடும். யாரும் இதைக் கொடுமையென்று நினைப்பதில்லை. "எதிர்வீட்டுச் செடி இன்னிக்குக் காபியில என்னமா மணக்குது!" என்று சப்புக்கொட்டுவார்கள்.

கோமதிநாயகம் மட்டும் அன்று காலையிலிருந்தே தன் பூந்தொட்டியை விட்டு நகரவில்லை. பூமியிலிருந்து வந்த புளிப் பொட்டலத்தில் ஒட்டியிருந்த விதையை, தன் குடிநீரில் பாதியை ஊற்றி மூன்றாண்டாக வளர்த்துவந்தார். வருடா வருடம் மேலே சருகாகும். மண்ணுக்குள் கிழங்கு உயிரோடிருந்து மறுபடி துளிர்க்கும். பூத்தால்தான் இனம் தெரியும். அதுவரை என்று தணிக்கையனிடம் கெஞ்சி வாங்கிய கெடுவோ இன்றோடு முடிகிறது. மொட்டு வாயைத் திறக்கவில்லை.

கதவு திறந்தது. ஊதுகுழல் சிவந்தது. கோமதிநாயகம் தொட்டியைக் கட்டிக்கொண்டார். பயத்தில் அவர் விட்ட மூச்சுக்குக் குமிழியே வியர்த்திருக்கும். அந்த ஈரம் பட்டதும் மொட்டு பொசுக்கென்று விரிந்தது. கத்தரிப்பூ நிறத்தில், சுண்டுவிரல் நகமளவு பூ.

"இனம் தெரிந்தது," என்றது தணிக்கையன். "பூமியில் அழிந்துபோனது. எஞ்சியிருப்பது இது ஒன்றுதான். பயன்?"

"பயனா? அழகா இருக்குல்லா!"

"அழகுக்குத் தண்ணீர் ஒதுக்கீடு இல்லை." குழல் மறுபடி சிவந்தது.

"சுகருக்கு நல்லது!" வாய்க்கு வந்ததை உளறினார்.

குழல் அணைந்தது. "நன்று. குமிழி முழுவதற்கும் அறிவித்துவிட்டேன்."

தணிக்கையன் தெருமுனை தாண்டவில்லை, அதற்குள் பக்கத்து வீட்டு அந்தோணிமுத்து வாசலில் நின்றான்.

"அண்ணாச்சி, ஒரே ஒரு இலை. மாமியாருக்கு."

அவன் பின்னால் நீண்ட வரிசை காற்றுப்பூட்டுக் கதவுவரை போயிற்று. இரண்டாம் குமிழிக்காரர்கள் விண்ணுடையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்திருந்தார்கள். பொய்யென்று சொன்னால் குழல் திரும்பி வரும். இல்லையென்று சொன்னால் கூட்டம் விடாது. மாலைக்குள் இலை போயிற்று, தண்டு போயிற்று, பூவை ஒருத்தி அங்கேயே மென்று விழுங்கினாள்.

'போகட்டும், கிழங்கு இருக்கிறது' என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு நாற்காலியில் கண்ணயர்ந்தார்.

மனைவி செண்பகவல்லி தட்டி எழுப்பினாள். கையில் ஆவி பறக்கும் டம்ளர்.

"ஊருக்கெல்லாம் அள்ளிக் குடுத்தீங்களே, உங்க சுகருக்குன்னு ஒரு இலை வச்சீங்களா? நல்லவேளை, அடியில கிழங்கு கெடந்துச்சு. இடிச்சுக் காய்ச்சிட்டேன், குடிங்க."

கண்ணில் நீர் முட்ட ஒரு மடக்கு விழுங்கினார்.

"என்ன, கசக்கா?"

மெல்லத் தலையாட்டினார்.

"அப்ப கட்டாயம் கேக்கும்."