லிண்டன் தெருவைத் தொட்ட விரல்

தொலைபேசியில் அழுத வெர்னா ஸ்டோல்ட்ஸ் நேரில் அழவில்லை. தன் சமையலறையில், எட்டுப் பேர் உட்காரக்கூடிய ஓக் மேசையின் மூலையில் உட்கார்ந்து வரைபடத்தை விரித்தாள்.

"நாளைக்கு விசாரணை. வேலை போயிரும். அதுகூடப் பரவால்ல லெனோரா. திருட்டுக் கோடு போட்டவள்னு பேரு நின்னுரும்."

லெனோரா பிரிக்ஸ் நீதிமன்றப் புலனாய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வேலை போயிருந்தது, அலுப்பு மட்டும் போகவில்லை. கூட வந்த நாத்தனார் டார்லீன் அதற்குள் குறிப்பேட்டைத் திறந்துவிட்டாள்.

பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கு வந்ததும், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு மாநிலத்தின் தொகுதிகளை வெர்னாதான் வரைவாள். அவள் சேர்ந்தபோது ஆறு தொகுதிகள். அடுத்த மாநிலங்களில் ஜனம் பெருகப் பெருக இங்கே ஐந்தாயின, இப்போது நான்கு. புதிய வரைபடத்தில் இரண்டாம் தொகுதியிலிருந்து மெல்லிய விரல் ஒன்று நீண்டு லிண்டன் தெருவைத் தொட்டது. உள்ளே நாற்பத்துமூன்று பேர். காங்கிரஸ் உறுப்பினர் ஆர்லன் டெக்கரின் வீட்டை இழுத்துக்கொள்ளத்தான் அந்த விரல் என்பது வெளியூர்க் கட்சிக்காரர்களின் குற்றச்சாட்டு.

"அந்தக் கோடு உங்க பேர்லதானே பதிவாகியிருக்கு?" என்றாள் லெனோரா.

"ஒரே கணினி. நான், மேலதிகாரி டுவைட், வாஷிங்டன்லேர்ந்து மூணு வாரம் முன்னாடி வந்த ஆலோசகர் கெல், மூணு பேரும் தொடுவோம்."

"டெக்கர் வீடு எங்கேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியக் கூடாது. உறுப்பினர்கள் யாரு எங்க இருக்காங்கன்னு தெரியாதுன்னு சத்தியம் பண்ணிட்டுத்தான் கோடு போட உக்காருவேன்." அவள் கண்கள் வரைபடத்தை விட்டு எழவில்லை.

லெனோரா வலிக்கிற முழங்காலைத் தேய்க்கக் குனிந்தாள். மேசைக் காலில் ஒரு சீட்டு உரிக்கப்படாமல் ஒட்டியிருந்தது: 'லிண்டன் தெரு. விற்பனைக்கு.'

மறுநாள் விசாரணைக்கு முன்பே மூவரையும் அலுவலகத்தில் உட்கார வைத்தாள்.

"டுவைட், டெக்கர் வீட்டைக் காலி பண்ணப்போ சோஃபாவைத் தூக்கினது யாரு?"

"நானும் சர்ச் ஆளுங்களும். போன அக்டோபர்ல பிடிச்ச இடுப்பு இன்னும் விடல."

"வீட்டை வித்துட்டு அவர் பண்ணைக்குப் போயிட்டாரு. வேண்டாத சாமானை வாசல் புல்வெளியில பரப்பி வித்தாங்க. ஊரே அங்கதான் நின்னுச்சு. வெர்னா ஒரு மேசை வாங்கினாங்க."

வெர்னா தலைகுனிந்தாள்.

"அப்ப சத்தியத்தை மீறினவங்கதானே?" என்றார் கெல்.

"அதனாலதான் வெர்னா வாயைத் திறக்கல. தப்பிக்க ஒரு உண்மை இருந்துச்சு. அதைச் சொன்னா முப்பது வருஷம் காப்பாத்தின சத்தியம் போயிரும்." லெனோராவின் குரல் உயரவே இல்லை. "டெக்கர் அங்க இல்லைன்னு இந்த ஊர்ல எல்லாருக்கும் தெரியும். அவர் இல்லாத வீட்டுக்கு விரல் நீட்டினவர் ஊருக்குப் புதுசு. உங்க கையில இருக்கிற கட்சி முகவரிப் பட்டியல் எந்த வருஷத்துது, மிஸ்டர் கெல்?"

கெல் பையை மூடினார்.

"அப்படிக் கேளுங்க அண்ணி," என்றாள் டார்லீன்.

டுவைட் பெருமூச்சு விட்டார். "விசாரணையில நான் பேசிக்கறேன். சாமான் விற்பனைக்குப் போனது குத்தம்னா ஊரையே உள்ள தள்ளணும். வெர்னா, நீ அந்த விரலை எடு."

வெர்னா எடுத்தாள். பிறகு திரையில் கணக்கைப் பார்த்தாள்.

"நாப்பத்துமூணு பேர் குறையுது. தொகுதிக்குத் தொகுதி தலைக்கணக்கு சமமா வரணும். வேற எங்கேர்ந்தாவது எடுக்கணும்." எல்லையோரமாகவே தேடினாள். சரியாகப் பொருந்தியது ஒரே இடம். "கெட்டில் தெரு. மேற்குச் சாரி மட்டும்."

டார்லீனின் பேனா நின்றது. "அண்ணி, நம்ம வீடு."

கிழக்குச் சாரியில், எதிர்வீட்டில், லெனோராவின் தோழி ஐரீன் இருந்தாள். இருபத்தாறு வருடங்களாக லெனோரா அவளோடு நடந்துபோய்த்தான் வாக்களித்து வந்தாள். இனி இருவருக்கும் வேறு வேறு வாக்குச்சீட்டு, வேறு வேறு பெயர்கள்.

வெர்னா சுட்டியிலிருந்து கையை எடுத்தாள். "வேற தெரு பார்க்கட்டுமா?"

"என் வீடு எங்கேன்னு உங்களுக்குத் தெரியாது, வெர்னா," என்றாள் லெனோரா. "கோட்டைப் போடுங்க."