ஜூலை மாதக் கப்பல்

காலை 10.10. ஓவியரின் மனைவி மாடியில் போட்ட சத்தத்தில் கீழே ஓடிக்கொண்டிருந்த அச்சு இயந்திரம் தானாக நின்றுவிட்டது. மெஷின்காரர்தான் கை வைத்து நிறுத்தினார் என்று விசாரணையில் பின்னால் தெரியவந்தது. ஆனால் அதை மெஷின்காரரே நம்பவில்லை.

தேதிக்காரர் படிகளில் தாவி ஏறினார். காலண்டர் அச்சகத்தில் தேதிகளைச் சரிபார்ப்பது அவர் வேலை, இருபத்திரண்டு வருடமாக. ஒருமுறை நவம்பருக்கு முப்பத்தொன்றாம் தேதி முளைத்திருந்ததை அவர் தனி ஆளாகப் பிடித்தார். அதிலிருந்து நவம்பர் அவர் மேஜைக்கு வரும்போதெல்லாம் முப்பதோடு கைகட்டி நிற்கும்.

முதலாளி வெளியூர் போயிருந்தார். அவர் அறைச் சுவரில் பன்னிரண்டு விண்கப்பல்கள் மாட்டியிருந்தன. மாதத்துக்கு ஒரு கப்பல் வீதம் இந்த வருடக் காலண்டருக்காக ஓவியர் வரைந்த அசல் படங்கள். அச்சு அளவுக்கே, கனத்த அட்டைத்தாளில் வரைவது அவர் வழக்கம். டிசம்பர் கப்பலை முடித்துத் தூரிகையைக் கழுவி வைத்த மூன்றாம் வாரம் மனிதர் போய்ச் சேர்ந்தார். படங்களை வீட்டுக்கு எடுத்துப்போக இன்று மனைவி வந்திருந்தார்.

அந்த அம்மா ஜூலைப் படத்தின் மேல் விரலை வைத்தபடி விறைத்து நின்றார்.

"பெயிண்டே இல்ல. தடவிப் பாருங்க, வழவழன்னு இருக்கு. பாக்கவும் என்னமோ மாதிரி இருக்கு. இது அவர் வரைஞ்சது இல்ல!"

தேதிக்காரர் தடவிப் பார்த்தார். மற்ற பதினொன்றிலும் வண்ணம் மேடு தட்டியிருந்தது. ஜூலை மட்டும் வெறும் அச்சுத்தாள். கண்ணாடி போடாத சட்டம் என்பதால் விரலுக்கே தெரிந்தது. அந்த அறையின் ஒரே சாவி ஸ்டோர்கீப்பரிடம். ஸ்டோர்கீப்பர் அவருடைய மச்சினன்.

10.50. அந்த அம்மா போனில் கொடுத்த புகாருக்கு எஸ்.ஐ.யின் மீசை முதலில் உள்ளே நுழைந்தது. பின்னாலேயே எஸ்.ஐ.யும் வந்தார்.

"சாவி யார்கிட்ட?"

"எங்கிட்ட சார்" என்றான் மச்சினன்.

"வேற யார்கிட்ட?"

"யார்கிட்டயும் இல்ல சார்."

"கேஸ் முடிஞ்சுது. வேற ஏதாவது சொல்லணுமா?"

"முந்தாநேத்து சனிக்கிழமை நாலு மணிக்கு ஃபேன் ரிப்பேருக்கு ஆள் வந்தாங்க சார். தூசி விழும்னு படமெல்லாம் கழட்டிப் பக்கத்து ரூம்ல வச்சோம். நாலரைக்குத் திரும்ப மாட்டிட்டோம்."

"வச்சோம்னா?"

"நானு, மெஷின்காரர், பைண்டர் அண்ணன். ஆளுக்கு நாலு படம்."

"ஜூலையைத் தூக்கினது யாரு?"

"கவனிக்கல சார். பன்னெண்டும் கப்பல்தானே?"

எஸ்.ஐ. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டுக்கு ஜீப் வரும். அதுக்குள்ள டீ குடிச்சுக்கோ."

மச்சினன் தேதிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டான். முப்பத்தாறு வயது. ஒன்பது வருடம் தேடி அவன் அக்கா ஒரு பெண்ணைப் பிடித்து வைத்திருந்தாள். வருகிற வியாழக்கிழமை கல்யாணம்.

"மாமா, நான் ஜீப்புல ஏறினா பொண்ணு வீட்டுல வேற மாப்பிள்ளைக்குச் சட்டை எடுத்துடுவாங்க மாமா."

"நீ ஏறினா உங்க அக்கா என்னைச் சும்மா விடுவாளா? எனக்கும் சேர்த்துதான்டா அந்த ஜீப். வாயை மூடிட்டு டீயைக் குடி."

11.10. தேதிக்காரருக்குத் தெரிந்த துப்பறியும் முறை ஒன்றே ஒன்றுதான். அசலை இடது பக்கமும் நகலை வலது பக்கமும் வைத்து, இரண்டிலும் விரலை ஓட்டிக்கொண்டே போவது. வரவேற்பறையில் தொங்கிய காலண்டரைக் கழற்றி வந்து ஜூலையை விரித்தார். இருபத்திரண்டு வருடத்தில் காலண்டரில் படம் என்று ஒன்று இருப்பதை அன்றுதான் நிதானமாகப் பார்த்தார்.

காலண்டரில் கப்பலின் வால் நெருப்பு இடப்பக்கம். சட்டத்தில் வலப்பக்கம். காலண்டரில் சிவப்புக் கிரகம் கீழே. சட்டத்தில் மேலே.

"சார், இது தலைகீழா இருக்கு."

எஸ்.ஐ. கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். "விண்வெளியில ஏதுய்யா தலை, ஏது கீழு?"

"மாட்டுற கொக்கி மேலதான் சார் இருக்கு. சட்டம் நேரா இருக்கு. உள்ள தாள் மட்டும் தலைகீழ்."

சட்டத்தைக் குப்புறப் போட்டுப் பின்பலகையை நெம்பினார். தாளின் முதுகில் ஜூன் மாதத் தேதிகள் தெரிந்தன. ஒன்று முதல் முப்பது வரை, தலைப்பு கொக்கியைப் பார்த்திருக்க, நேராக. அதைப் பார்த்ததும் தேதிக்காரர் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

11.25. தேதிக்காரர் கேட்கத் தொடங்கினார். முதலில் மெஷின்காரர்.

"தாள் வெளிய வந்ததும் எந்தப் பக்கம் பார்ப்ப?"

"படத்தைத்தான். தேதியில என்ன கலர் இருக்கு, நான் பாக்குறதுக்கு? எனக்கு நெருப்பு இடது கைப்பக்கம் எரியணும். இல்லன்னா சோறு இறங்காது."

அடுத்து மச்சினன்.

"நீ தினமும் துடைப்பியே, ஜூலையில கிரகம் எங்க இருக்கு?"

"கீழ, மாமா. அதுலதான் துணி சிக்கும்."

கடைசியாக பைண்டர் அண்ணன். முப்பது வருடம் தாள் அடுக்கிய கை. தேதிக்காரரோடு ஒரே பெஞ்சில் இருபத்திரண்டு வருடம் மதியச் சாப்பாடு. இரண்டு பேருமே பேசுகிற ஆட்கள் இல்லை. தொட்டுக்கொள்ள மௌனத்தை வைத்துக்கொண்டே சாப்பிட்டு முடிப்பார்கள்.

"தாளை எப்படிண்ணே அடுக்குறீங்க?"

"தேதி நேரா இருந்தா தாள் நேரா. இதுகூடத் தெரியாதா உனக்கு?" என்றவர், சொல்லி முடித்த பிறகுதான் எதிரே இருந்தவரின் முகத்தைப் பார்த்தார். "எதுக்குக் கேக்குற?"

தேதிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கே இல்லை.

11.40. பைண்டிங் கூடம். எல்லோரும் நின்றிருந்தார்கள். தேதிக்காரர் காலண்டரைத் தூக்கிக் காட்டினார்.

"சார், இது தொங்குற காலண்டர். மேல படம், கீழ தேதி. ஜூன் முடிஞ்சா அந்தத் தேதித் தாளை மேல தூக்கி விடுறோம். அப்ப அதோட முதுகுல இருக்கிற ஜூலைப் படம் தெரியும். தூக்கும்போது நேரா தெரியணும்னா, அச்சடிக்கும்போது படம் தேதிக்குத் தலைகீழா இருந்தாகணும். படத்தைப் பாத்து வச்சவன் நேரா வச்சிருப்பான். இந்த ஆள் சட்டத்தைக் குப்புறப் போட்டு, தேதி நேரா வர்ற மாதிரி வச்சிருக்கான். இந்தக் கட்டடத்துலயே தேதியை வச்சுத் தாளை அடுக்குற மேஜை ஒண்ணுதான் இருக்கு."

மெஷின்காரர் கையிலிருந்த எண்ணெய்க்குப்பி டங்கென்று தரையில் விழுந்தது. "அண்ணனா?" என்றான் மச்சினன். அவன் குரலில் தான் தப்பித்த சந்தோஷம் துளியும் இல்லை.

"திருப்பி மாட்டும்போதாவது ஒருதரம் பாத்திருக்கலாமேண்ணே" என்றார் தேதிக்காரர்.

"அதை என்னால பாக்க முடியாதுடா" என்றார் பைண்டர்.

தாள் வெட்டும் இயந்திரத்துக்கு அடியில் கையை விட்டு, பழைய அட்டைகளுக்கு நடுவிலிருந்து அசலை எடுத்து நீட்டினார். ஒரு கீறல் இல்லை.

"விக்கத் திட்டமா?" என்றார் எஸ்.ஐ.

"இல்ல."

"பின்ன எதுக்கு?"

பைண்டரின் பார்வை மட்டும் ஒரு நொடி கப்பலின் மூக்குப் பக்கம் போய்த் திரும்பியது. தேதிக்காரர் தன் லென்ஸை எடுத்து அங்கே வைத்தார். அரிசி அளவில் ஒரு ஜன்னல். உள்ளே இரண்டு பேர். ஒருவர் தாடியும் தொப்பியுமாக ஓவியர். அவர் தோளில் சாய்ந்திருந்த பெண்ணின் நெற்றிக்கு மேல் ஒரே ஒரு வெள்ளைக் கற்றை. இதே மேஜையில் ஆறு வருடம் தாள் அடுக்கிவிட்டுப் போன அந்தப் பெண்ணை அச்சகத்தில் தெரியாதவர் இல்லை. பைண்டரின் மனைவி.

அச்சில் இது வெறும் புள்ளிக் கூட்டம், யாருக்கும் புரியாது. ஆனால் புருஷனுக்குப் புள்ளியே போதும். அசலில் பார்த்தால் யாருக்கும் புரியும், இதை வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டப்போகிற அம்மாவுக்கும்.

"என்னய்யா தெரியுது? லென்ஸைக் கொடு."

"தூசி சார்" என்றார் தேதிக்காரர். லென்ஸ் அவர் சட்டைப்பைக்குள் போய்விட்டது.

ஓவியரின் மனைவி நடந்து வந்து படத்தை வாங்கிக்கொண்டார். ஜன்னலை அவர் பார்க்கவே இல்லை. பைண்டரைத்தான் பார்த்தார்.

"எனக்கு ரெண்டு வருஷமா தெரியும்ணே" என்றார், மெதுவாக. "உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் இன்னிக்கு ஓடி வந்தேன்."

முப்பது வருடம் நின்றே வேலை பார்த்த பைண்டர், பொத்தென்று தரையில் உட்கார்ந்தார்.

"என்னம்மா தெரியும்?" என்றார் எஸ்.ஐ.

"இதுதான் என் படம்னு தெரியும் சார். கிடைச்சிருச்சு. புகாரைக் கிழிச்சுடுங்க."

"அப்படியெல்லாம் சட்டுனு..."

"வச்ச இடம் மாறிப் போச்சு சார். ஃபேன் ரிப்பேர்ல இதெல்லாம் சகஜம்."

எஸ்.ஐ. எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். ஒருவர் முகத்திலும் ஒன்றும் அச்சாகியிருக்கவில்லை. ஜீப் வந்தது. மீசை முதலில் ஏறியது.

12.15. "கத்தி ஓடுதாண்ணே?" என்று கேட்டார் அந்த அம்மா.

பைண்டர் எழுந்தார். படத்தை வெட்டும் இயந்திரத்தில் வைத்து, மூக்குப் பக்கம் இரண்டு விரற்கடை விட்டு அளவு பிடித்தார். கைப்பிடியைப் பிடித்த கை இறங்கவில்லை. அந்த அம்மா தன் கையை அதன் மேல் வைத்து அழுத்திக்கொண்டார். "ஐயோ, அசலும்மா!" என்று மெஷின்காரர் அலறியது கத்தி இறங்கிய பிறகுதான்.

கீற்று, வெட்டுத்தாள் சாக்குக்குள் விழுந்தது.

பன்னிரண்டு படங்களையும் கட்டி வைத்துவிட்டு மச்சினன் ஆட்டோ கூப்பிடப் போனான். அந்த அம்மா ஏறவில்லை. கழிவுத்தாள் வண்டி நாலு மணிக்குத்தான் வரும். அதுவரை சாக்குக்கு ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் பைண்டரும் உட்கார்ந்திருந்தார்கள்.