தோண்டாத தங்கத்துக்கு ஓர் உயிர்!

டெலிபோன் அலறியது.

காப்பி டம்ளரோடு போய் எடுத்தார் ஜனகராஜ். கூடல் கோல்டு மைன்ஸ் கம்பெனியின் நிர்வாக இயக்குநர். 2005-ஆம் வருட மதுரையில் அவரைப்போல் ஷேர்ஹோல்டர்களிடம் திட்டு வாங்கிய மனிதர் வேறு யாரும் இல்லை.

"யோவ்... உம் மக ஸ்ரீவர்ஷினி எங்க?"

"நாகமலை புதுக்கோட்டைக்கு... யுனிவர்சிட்டிக்குப் போயிருக்கா. நீங்க யாரு?"

"அவ அங்க போகல. என் பக்கத்துல இருக்கா!"

"அப்பா...!"

மகளின் குரலேதான்! பாதியிலேயே யாரோ வாயைப் பொத்தினார்கள்.

டம்ளர் விழுந்த சத்தம் கேட்டு மனைவி ரங்கநாயகி ஓடி வந்தார். ஜனகராஜ் போனின் ஸ்பீக்கரை அழுத்தினார்.

"உ... உனக்கு என்ன வேணும்?"

"சாயங்காலம் ஷேர்ஹோல்டர் மீட்டிங். இன்னும் மூணு வருஷத்துக்குத் தோண்டப்போற தங்கத்தைப் பழைய விலைக்கு இப்பவே வித்து வச்சிருக்கியே... ஹெட்ஜிங்கோ என்ன எழவோ! அதை ரத்து பண்ணிட்டேன்னு மேடையில சொல்லணும்!"

"நாளைக்கே விலை இறங்குனா சுரங்கத்தை மூடணும்யா! அதுக்குத்தானே..."

"எங்கய்யா இறங்குது? தங்கம் ஏறிக்கிட்டே போகுது. உன் ஷேரு மட்டும் படுத்துக் கெடக்கு! சொல்றியா... இல்ல மேலூர் கல்குவாரித் தண்ணியில மகளைத் தேடுறியா?"

அந்தக் குவாரிகளின் ஆழம் ஜனகராஜுக்குத் தெரியும்.

மனைவி பக்கம் திரும்பி, வீட்டில் பேசும் சௌராஷ்டிரத்தில் கிசுகிசுத்தார்.

"பின்வாசல் வழியாப் போயி போலீசுக்குச் சொல்லு."

போனில் ஏதோ முணுமுணுப்பு.

"பின்வாசலைத் தாண்டுனா மக பொணமாத்தான்யா வருவா!"

ரங்கநாயகி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

ஜனகராஜுக்குப் பொறி தட்டியது. சௌராஷ்டிரம் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிற மொழி இல்லை. அந்த வீடுகளில் பிறந்து வளர்ந்தால்தான் வரும். அப்படியென்றால்... அந்தப் பக்கம் இருப்பது நம்ம ஆள்! கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்ட யாரோ!

பயந்து செத்தபடியே ஒரு காரியம் செய்தார். மறுபடியும் சௌராஷ்டிரம். இந்தத் தடவை போனுக்கு நன்றாகக் கேட்கும்படி.

"அழாதே. அந்த ஒப்பந்தத்தை நேத்தே ரத்து பண்ணியாச்சு. இவனுக்குத் தெரியாது. சாயங்காலம் சொன்னதும் ஷேர் எகிறிடும். உன் தம்பியை உடனே டவுன்ஹால் ரோடு புரோக்கர் ஆபீசுக்குப் போகச் சொல்லு. நேர்ல கையெழுத்துப் போட்டாத்தான் வாங்க முடியும்."

மறுபடி முணுமுணுப்பு.

"ச... சரிய்யா. மீட்டிங்ல பாக்குறேன்!"

லைன் செத்தது.

அத்தனையும் பொய்! ஒப்பந்தம் குத்துக்கல்லாட்டம் அப்படியே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் புரோக்கர் ஆபீசின் உள்ளறையில், இன்ஸ்பெக்டர் மருதுவோடு பதுங்கியிருந்தார் ஜனகராஜ். சட்டை வேர்வையில் ஒட்டியது.

"சார்... பொய்னு தெரிஞ்சு என் பிள்ளையைக் கொன்னுட்டா?"

"பேசாம இருங்க சார். இன்னைக்கு எவன் கூடல் கோல்டு கேட்டு வாரானோ, அவன்தான் ஆளு. உங்க ஷேரை வேற எவன் வாங்குவான்?"

கதவு திறந்தது.

துப்பட்டாவால் முகத்தை மூடிய ஓர் உருவம் கவுண்டரில் குனிந்தது.

"கூடல் கோல்டு... என் அக்கவுண்ட்ல இருக்குற அம்புட்டுப் பணத்துக்கும் வாங்குங்க. சீக்கிரம்!"

மருது பாய்ந்தார். துப்பட்டா விலகியது.

ஸ்ரீவர்ஷினி!

ஜனகராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டார். உயிரோடு இருக்கிறாள்! அந்த நிம்மதி ஒரு நொடி நீடித்தது.

"போன்ல... பேசுனது?"

"கிளாஸ்மேட் ராம்கி. நீங்க அம்மாட்ட சொன்னதை நான்தான் அவன் காதுல தமிழ்ல சொன்னேன். என் பேர்ல நீங்க போட்ட ஷேரெல்லாம் குப்பையாகுதுன்னு எத்தனை தடவை கெஞ்சுனேன்? கேட்டீங்களா?"

"அதுக்காகப் பெத்தவளை இப்படி நடுங்க வச்சியே!" ஜனகராஜ் வாய்விட்டு அழுதார்.

ஸ்ரீவர்ஷினியின் முகம் திடீரென்று வெளுத்தது.

"அப்பா... அப்ப நீங்க அதை ரத்து பண்ணலையா?"

மருது தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"சார்... கடத்துனவரு, கடத்தப்பட்டவரு, ரெண்டு இடத்துலயும் ஒரே பேரை எழுதுனா கோர்ட்டுல என்னையத்தான் உள்ள போடுவாங்க!"