இரண்டாவது சத்தம்

கார் கதவு மறுபடியும் விரல் கனத்துக்குத் திறந்திருந்தது. முந்தின நாள் இழுத்துப் பார்த்துப் பூட்டிவிட்டு, சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தவன் அவன். ஷெட்டுக்குள் ஈர சிமெண்டும் பழைய ஆயிலும் கலந்த வாடை, அதற்கும் அடியில் லேசாக, செத்துப்போன மனைவியின் பவுடர் மணம். மற்ற கதவுகள் ஒழுங்காகத்தான் இருந்தன. அவள் உட்கார்ந்த பக்கம் மட்டும்தான் இப்படி.

அவள் போய் நான்கு மாதம். வளைவில் கதவு திறந்துகொண்டு அவள் வெளியே விழுந்தாள். பெல்ட் மாட்டும் இடத்தை அவன் ஆசையாகப் போட்ட புது சீட் கவர் மூடியிருந்தது. “லாக் தேஞ்சு போச்சு” என்று போலீஸிடம் சொன்னான், மாமனாரிடம் சொன்னான், மகளிடமும் சொன்னான். வாயில்லாத இரும்பின் தலையில் பழியைப் போட்டால் அது என்ன, மறுத்தா பேசப் போகிறது? மகள் மட்டும் அதன் பிறகு அந்தக் காரில் ஏறவில்லை. “லாக்கைச் சரி பண்ணுங்கப்பா, அப்புறம் வரேன்” என்றாள். அவனுக்கென்று மிச்சமிருந்தது அவள் ஒருத்திதான். இரண்டு தடவை புது லாக் போட்டாயிற்று.

மெக்கானிக் மூன்றாவது தடவையாகக் கதவைப் பிரித்தார். பிறகு ஒரு டப்பாவைத் துழாவி, விபத்தன்று இருந்த பழைய லாக்கை எடுத்து, ஸ்க்ரூடிரைவரால் கொக்கியை அழுத்தினார். டக். இன்னும் அழுத்தினார். டக்.

“ரெண்டு சத்தம் கேக்குதா சார்? முதல் சத்தத்துல கதவு சும்மா ஒட்டிக்கிட்டு நிக்கும். ஒரு குலுக்கல்ல விட்டுடும். ரெண்டாவது வந்தாத்தான் பிடிப்பு. இதுல தேய்மானமே இல்ல.”

“அப்புறம் ஏன் திறக்குது?”

“யாரோ பூ மாதிரி சாத்துறாங்க. அடிச்சுச் சாத்தணும்னு வீட்டுல சொல்லித் தரலையா?”

சொல்லித் தந்திருந்தான், கார் வாங்கிய நாளிலிருந்து, ஒன்பது வருடமாக. “அது என்ன மாட்டுக் கொட்டகைக் கதவா? மெதுவா சாத்துடி!” ஒருநாள் அவள் அக்கா வீட்டு வாசலில், எல்லோரும் பார்க்க, பத்துத் தடவை திறந்து மூட வைத்தான். அவள் சிரித்துச் சமாளித்தபடியே மூடினாள். பத்தாவது தடவை சத்தமே எழவில்லை. “இப்பத்தான் மனுஷி” என்று பாராட்டினான்.

மகளுக்கு இது தெரியவே கூடாது. மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டும் கேளாமல், மூன்றாவது லாக்கையும் போட வைத்தான். மகள் உட்காரும் பக்கத்து சீட் கவரைக் கத்தரித்து பெல்ட்டை வெளியே எடுத்தான். தன் பக்கத்துக் கவரைக் கத்தரிக்க மட்டும் மனசு வரவில்லை.

மாலையில் கல்லூரி வாசலில் மகள் ஏறினாள்.

“சரியாயிடுச்சாப்பா?”

“புது லாக். நல்லா அடிச்சுச் சாத்தும்மா.”

டக், டக். அவனுக்கு உயிர் வந்தது. மகள் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். வெளிச்சம் மங்கிய சாலையில் மரநிழல்கள் ஒவ்வொன்றாகக் கண்ணாடிமேல் ஏறி இறங்க, டயருக்கடியில் ஜல்லி நொறுங்க, நான்கு மாதத்துக்குப் பிறகு மகள் தன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்ற நினைப்பே அவனுக்குப் போதுமாயிருந்தது. பிறகு பவுடர் மணம் வந்தது.

முன்பலகையில் சிவப்பு விளக்கு. ஏதோ கதவு திறந்திருக்கிறது.

“சரியா சாத்தினியா?”

“சாத்திட்டேன்பா.” அவள் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. எட்டி அவன் பக்கம் பார்த்தாள். “உங்க பக்கம்ப்பா.”

திரும்பினான்.

விரல் கனத்துக்கு இடைவெளி. உள்ளே வரும் காற்று. வண்டி ஓடிக்கொண்டிருந்தது. பிரேக்கை மிதிக்கப் பார்த்தான். கால் அசையவில்லை. எதிரே அந்த வளைவு.

கதவு விளிம்பில், வெளியிலிருந்து, நான்கு விரல்கள். பெயிண்டில் நகம் படாமல். அவசரமே இல்லாமல். அவன் சொல்லித் தந்தபடியே, கதவைச் சாத்தின.

டக்.