நானூற்றுப் பதினான்காவது மரம்

குணசேகரன் ஐந்தரைக்கு எழுந்தான். பால் காய்ச்சினான். அண்ணனூர்ப் பக்கம் மின்சார ரயில் ஒலியெழுப்பியது. வெந்நீர் விளாவி, மூன்று வயது மகள் வடிவைக் கொல்லைக் கல்லில் நிறுத்திக் குளிப்பாட்டினான். மனைவி வனஜா இறந்த நான்கு மாதமாக இப்படித்தான்.

குழந்தையின் நெஞ்சில் கறுப்பாக ஏதோ இருந்தது. சோப்புப் போட்டான். போகவில்லை. ஏரிக் கருவேலங்காட்டில் மரங்களுக்கு எண் போடும்போது எழும் அதே வாடை, காய்ச்சிய தாரும் சீவிய பட்டையின் ஈரத் துவர்ப்பும் கலந்து, மூடிய அந்தச் சின்னக் கொல்லைக்குள் எங்கிருந்தோ வந்து நிறைந்தது.

அவன் வனத்துறையில் வனவர். ஏரிக்குள் அரசு வளர்த்த மரங்களை வெட்டும் திட்டத்துக்குப் பட்டியல் எடுத்தவன். நெஞ்சு உயரத்தில் பட்டை சீவித் தாரால் ஓர் எண். அடிமரத்திலும் அதே எண், அறுத்தபின் கட்டையைப் பார்த்துச் சரிபார்க்க. திட்டப்படி நானூற்றுப் பதினான்கு மரம். அவன் எண்ணியதில் இரண்டு குறைந்தது. திருட்டுக்கு விளக்கம் எழுதப் பயந்து, வீட்டில் உட்கார்ந்து கடைசி இரண்டு வரியை இட்டு நிரப்பினான். சுற்றளவுக்கு என்ன போடுவது? விளையாட்டாக வனஜாவைச் சுற்றி டேப் பிடித்தான். எண்பத்தொன்று.

"அப்ப நான் மரமா? உங்க பொண்ணையும் எழுதிக்குங்க," என்று சிரித்தாள்.

குழந்தை நாற்பத்தொன்பது. எழுதிக்கொண்டான்.

பத்தாம் நாள் வனஜாவுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் அவள் உடம்பைத் துடைத்த ஆயா கேட்டாள்: "நெஞ்சுல இன்னாப்பா இது, தாரா?"

வனஜா இறந்தபின், மீதி இருந்த குழந்தையின் வரியை அடித்துவிடச் சொல்லி அதிகாரியிடம் கெஞ்சினான்.

"கையெழுத்தான லிஸ்ட்யா. இனிமே அடிக்க முடியாது. மரம்தான் வந்தாகணும்."

இப்போது குனிந்து வடிவின் காலைப் பார்த்தான். கணுக்காலிலும் கறுப்பு. நான்கு. ஒன்று. நான்கு.

வாசற்கதவு தட்டப்பட்டது. மரம் அறுக்கும் மேஸ்திரி வேம்புலி நின்றிருந்தான். பின்னால் இரண்டு பேர், தோளில் நீள ரம்பம்.

"இன்னா சார், ஏரில எல்லாத்தியும் சாச்சிட்டோம். கடைசி நம்பரு மட்டும் பாக்கி கீது. எங்க கீது, காட்டு."

"அதுக்கு முந்தின நம்பரு?"

"அத்த நாங்க தொடவே இல்ல சார். வர்றதுக்கு முன்னியே உளுந்து கெடந்துச்சி. கட்டையில நம்பரு கூட கீது, வந்து பாரேன்."

கதவைச் சாத்தினான். தாழ் போட்டான். கொல்லைக்கு ஓடினான்.

வடிவு கல்லிலேயே நின்றிருந்தாள். தூக்கினான். வரவில்லை. இழுத்தான். பாதம் கல்லை விட்டு எழவில்லை. அவள் அழவுமில்லை. இரு கைகளையும் மேலே தூக்கி, அசையாமல்.

ரம்பம் இழுபடும் சத்தம். வாசலில் இல்லை. இங்கே. கீழே.

எண்ணுக்கு ஒரு விரல் மேலே, கணுக்காலைச் சுற்றி, மரத்தூள் உதிர்ந்துகொண்டிருந்தது.

கையால் பொத்தினான். விரலிடுக்கில் உதிர்ந்தது.

சாகுமுன் வனஜா அவனிடம் கேட்டாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாந்து படுத்தபடி.

"என்னங்க, நான் இன்னும் நின்னுகிட்டுத்தானே இருக்கேன்?"