இரண்டு கம்ப்யூட்டர்கள்

ஒரே தடவைதான் ஏறலாம். அதுவும் கால் மணி நேரம்தான். கலங்கரை விளக்கத்துக் காவலர் கறாராகச் சொல்லிவிட்டார்.

வீட்டில் சுண்டெலி என்று செல்லமாகக் கூப்பிடும் சிறுமி அந்த ஒரு தடவையைத் தவறவிடக் கூடாது. அம்மா கப்பலில் இன்ஜினியர். அவளைப் பார்த்து ஏழு மாதம் ஆகிறது. இன்று அந்தக் கப்பல் இந்தப் பக்கமாகப் போகும், நிற்காது. உச்சியில் நின்றால் தெரியும். ஆனால் எத்தனை மணிக்கு?

அம்மாவின் செய்தி சித்தியிடம் இருந்தது. காலை ஆறு மணிக்குக் கலங்கரை விளக்கத்திலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர் தூரத்தில் இருப்பார்களாம். ஒன்பது வரை மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகம், அப்புறம் முப்பது. மஞ்சள் துணி ஆட்டுவாளாம்.

சித்தி வேலை பார்க்கும் துறைமுக அலுவலகத்தில் அவள் கம்ப்யூட்டர் நேரம் பார்த்துப் பழுதாகிக் காலை வாரிவிட்டது.

"அந்த ரூம்ல நிறைய இருக்குமே சித்தி?"

சுண்டெலி காட்டிய பழைய கதவில், 'கம்ப்யூட்டர்கள் - சத்தம் போடாதீர்' என்று ஒரு பலகை.

சித்தி சிரித்துவிட்டாள். உள்ளே தூசியும் நாலு மேசையும்தான். "அது மெஷின் வர்றதுக்கு முன்னாடி மாட்டின போர்டு. அப்போ கம்ப்யூட்டர்னா கணக்குப் போடுற ஆளு. கடல் எப்போ ஏறும், எப்போ இறங்கும்னு நாள் முழுக்கப் போடுவாங்க. மெஷின் வந்து, வேலையோட பேரையும் சேர்த்து எடுத்துக்கிச்சு."

ஒரே கணக்கை இரண்டு பேர், ஒருவர் தாளை ஒருவர் பாராமல் போடுவார்களாம். விடை ஒத்துப்போனால்தான் சரி. அதற்குள் அதிகாரி கூப்பிட, சித்தி போய்விட்டாள்.

"அப்போ நாமதான்டா கம்ப்யூட்டர்," என்றாள் சுண்டெலி தம்பியிடம். கணக்கில் முட்டை வாங்குவதில் அவன் பேர்போனவன். வேறு வழியில்லை. இருவரும் ஆளுக்கொரு சீட்டோடு முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்தார்கள்.

சுண்டெலிக்கு வந்தது பதினொன்று. தம்பிக்குப் பன்னிரண்டு.

மணி பத்தே முக்கால். "உன்னுது தப்பு. வா, ஓடலாம்."

தம்பி நகரவில்லை. "ஒத்துப்போகலையே அக்கா."

பல்லைக் கடித்துக்கொண்டு அவன் சீட்டை வாங்கினாள். கப்பல் மெதுவாக வந்த மூன்று மணி நேரத்தை அவன் தனியாகக் கணக்கிட்டிருந்தான். அவளோ ஆரம்பத்திலிருந்தே முப்பது என்று போட்டிருந்தாள். அம்மா சீக்கிரம் வரவேண்டும் என்ற ஆசை, கப்பலையே விரட்டியிருந்தது.

"நீதான்டா சரி," என்றாள் மெல்ல.

பன்னிரண்டுக்கு ஏறினார்கள். தூரத்தில் நகம் அளவு கப்பல். அதன் ஓரத்தில் மஞ்சளாக ஒரு புள்ளி ஆடியது. முகம் தெரியவில்லை. கை வலிக்க வலிக்க ஆட்டினார்கள். கப்பல் கரைந்து போனது.

இறங்கும்போது தம்பி கேட்டான். "அம்மா வீட்டுக்கு வர இன்னும் எத்தனை நாள் இருக்கு?"

வரும் தேதி இருவருக்கும் மனப்பாடம். கடைசிப் படியில் சுண்டெலி அவனிடம் ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு, முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள்.

அவள் சீட்டில் தொண்ணூற்று மூன்று. அவன் சீட்டிலும் தொண்ணூற்று மூன்று.