அஸ்தர் இல்லாத ஆடை

பார்க்காதே. சுவரைப் பார். சுவரில் ஈரம் கசிந்து வரைந்த அந்தக் கறையைப் பார். நீ பார்த்தால் அது உன்னையும் எண்ணிக்கொள்ளும்.

தினமும் மாலையில் ஜெனிபாவுக்கு உடை மாட்டும்போது தில்லைநாயகி மனதுக்குள் இதைத்தான் சொல்லிக்கொள்வாள். கண் சுவரில் இருக்கும். விரல்கள் தடவித் தடவிக் கொக்கிகளைத் தேடிப் பூட்டும். தான் வடிவமைத்த உடையைத் தானே பார்க்க முடியாத உடைக்கலைஞர் இந்த உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். சில நாட்கள் இதை நினைத்துச் சிரிப்பு வரும். பெரும்பாலான நாட்கள் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

விழித்துணி வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வீடுகளில் சுவர்த்திரைக்கு மேலே கடுகளவில் ஒரு கண் இருக்கும். திரையைப் பார்ப்பவரின் பார்வை எங்கே போகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அது கவனிக்கும். எல்லா வீட்டுப் பார்வைகளும் ஒன்றாகச் சேர்ந்து, நேரலையில் நடித்துக்கொண்டிருப்பவரின் உடைக்கு வந்துவிடும். பலர் பார்க்கும் இடத்தில் துணியின் இழைகள் விலகும்; நனைந்த காகிதம் போல் அங்கே மெலியும். விலகிய இழைகள் எங்காவது போகவேண்டும் அல்லவா? யாரும் பார்க்காத இடத்துக்குப் போய்க் குவியும். 'அலைமறித்தாள்' தொடரின் நாயகி ஜெனிபாவுக்கு இப்போது கழுத்துக்குக் கீழே வெங்காயச் சருகு, கணுக்காலில் சாக்குப் படுதா. யாரும் அவள் காலைப் பார்ப்பதில்லை. அந்தக் கனத்தோடுதான் அவள் ஓடவேண்டும், தாவவேண்டும், கடலை மறிக்கவேண்டும்.

படப்பிடிப்பு அரங்கிலும் உடைப்பகுதி அறையிலும்கூடக் கண்கள் உண்டு. ஒத்திகைக்காம்.

தொடரின் முதல் வருடம் அந்த உடை வேறு மாதிரி இருந்தது. கடலை மறிக்கும் ஒரு பெண்ணுக்குக் கடற்கரை மக்கள் என்ன கொடுப்பார்கள் என்று யோசித்து தில்லை அதை வரைந்திருந்தாள். தொடக்கத்தில் வெறும் சாம்பல் நிற அங்கி. ஒரு குப்பத்தைக் காப்பாற்றினால் அந்தக் குப்பத்தார் ஒரு சங்குப் பொத்தான் தைத்துவிடுவார்கள். படகைக் காப்பாற்றினால் தோளில் ஒரு வலைத்துண்டு ஏறும். கதை நகர நகர உடை கனக்கும். கடைசி அத்தியாயத்தில் அவளைத் தூரத்தில் பார்த்தாலே யார் யாருக்காக நின்றாள் என்பது தெரியவேண்டும். கதையைத் துணியில் எழுதுவது என்றால் தில்லைக்கு அதுதான்.

பிறகு விழித்துணி வந்தது. கூடுவது நின்று, குறைவது தொடங்கியது. குறைவதற்குக் காரணம் வேண்டுமே, அதைக் கதைப்பொறி எழுதியது. ஒரு வாரம் வில்லனின் அமில அலை. மறுவாரம் துணி தின்னும் மீன்கள். துணி தின்னும் மீன்களாம்! எழுத்தாளர்களை அனுப்பிவிட்டு வாங்கிவைத்த பொறி அது. துணி எங்கே மெலிகிறது என்று பார்த்து, அதற்குத் தோதாகக் கதையை வளைக்க மட்டுமே அதற்குத் தெரியும்.

ஜெனிபா தூத்துக்குடிப் பெண். இருபத்து மூன்று வயது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தில்லையின் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள்.

"எக்கா, எடது தோள மட்டும் மூடிருங்க. வேற எங்க வேணும்னாலும் எப்டி வேணும்னாலும் தைங்க. அத மட்டும்."

தோளிலிருந்து முதுகுப் பக்கமாக உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தீத்தழும்பு.

"அடுப்புல விழுந்துட்டியாம்மா?"

"யார் கேட்டாலும் அப்டித்தான் சொல்லச் சொல்லிருக்காவ." தோளை மறுபடி மூடிக்கொண்டாள். "நான் விழலக்கா."

தில்லை அதற்கு மேல் கேட்கவில்லை. தோள் பகுதிக்கு மட்டும் உடம்புக்கும் உடைக்கும் நடுவே ஓர் அஸ்தர், உள்துணி, வைத்துத் தைத்தாள். விழித்துணிக்கு உடம்பின் சூடு தெரியவேண்டும். தெரிந்தால்தான் இழை நகரும். நடுவே ஒரு பருத்தி அஸ்தர் இருந்துவிட்டால் அது வெறும் துணிதான். லட்சம் பேர் பார்த்தாலும் அசையாது. உள்ளங்கை அளவு வெள்ளைப் பருத்தி. கம்பெனிக்குச் சொல்லவில்லை.

ஒரு வருடம் அது தாங்கியது. கணுக்கால் கனத்தில் ஜெனிபா தடுக்கி விழுந்த அன்றுதான் வினை பிடித்தது. நேரலையில் விழுந்தாள். தோள்பட்டைத் தையல் ஓரமாகக் கொஞ்சம் விட்டு, தழும்பின் நுனி நகக்கண் அளவுக்குத் தெரிந்தது. அவ்வளவுதான். பார்வைகள் எல்லாம் அங்கே போய்க் குவிந்தன. ஆனாலும் துணி அசையவில்லை. அது அசையாததைப் பொறியாளர்கள் கவனித்துவிட்டார்கள்.

மறுநாள் தயாரிப்பாளர் இளஞ்சேரன் தில்லையைக் கூப்பிட்டார். கத்துகிற ஆள் இல்லை. எப்போதும் வயிற்றுக்கு முன்னால் ஏதாவது ஒரு கோப்பினை அணைத்துப் பிடித்தபடி, கல்யாண வீட்டுக்காரர் மாதிரி முகம் மலர்ந்து பேசுவார்.

"உட்காருங்க தில்லை. தோள்ல ஒரு இடம் செத்துக் கெடக்குதாமே? உள்ள ஏதோ வச்சிருக்கீங்களாம்."

"அஸ்தர் சார். அந்தப் பொண்ணு கேட்டுக்கிட்டா."

"நேத்து எத்தனை வீட்ல அந்த எடத்தைப் பார்த்தாங்க தெரியுமா? சண்டையையே விட்டுட்டு அதைப் பார்த்தாங்க. ஜனம் கேட்குது. நாம அஸ்தர் போட்டு மூடுறோம்."

"பார்த்தாங்கன்னா வேணும்னு கேட்டதா அர்த்தமா சார்?"

"பின்ன? வேணாம்னா பார்ப்பாங்களா?"

"ரோட்ல அடிபட்டுக் கெடக்கிறவங்களைப் பார்க்கிறோம். வேணும்னுட்டா பார்க்கிறோம்? ஐயோ என்னாச்சோன்னு பார்க்கிறோம். பாதிப் பேரு பதறித்தான் பார்த்திருப்பாங்க. உங்க துணிக்கு ரெண்டும் ஒண்ணுதானா?"

அவர் சிரித்தார். "பாருங்க, நீங்களே சொல்றீங்க. பார்க்கிறோம்னு." பிறகு சிரிப்பை நிறுத்தாமலே சொன்னார்: "அதைப் பிரிச்சிருங்கம்மா. இன்னைக்கே."

"நான் பிரிக்க மாட்டேன்."

"சரி, வேற ஆளை விட்டுப் பிரிச்சுக்கிறேன். உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல."

பிரித்துவிட்டார்கள். அன்று மாலை உடை மாட்டும்போது தில்லையின் விரல்கள் தோளின் உள்பக்கத்தைத் தடவின. பருத்தி இல்லை. அறுத்த நூல்முனைகள் மட்டும் குத்தின. ஜெனிபாவிடம் எப்படிச் சொல்வது என்று வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்:

"தெரியும்க்கா. காலையிலயே கதை வந்துட்டு. இன்னைக்கு வில்லன் எனக்குச் சூடு வைக்கானாம்."

"நீ போகாத. உடம்புக்கு முடியலன்னு சொல்லு. நான் பேசுறேன்."

"போன வருசம் ஒருத்தி அப்டிச் சொன்னா. இப்ப அவ எங்க இருக்கான்னு யாருக்குத் தெரியும்? வுடுங்கக்கா. கொக்கியப் பூட்டுங்க."

நேரலை தொடங்கியது. தில்லை அரங்கின் ஓரத்தில் தரையைப் பார்த்து நின்றாள். அருகில் இருந்தவர்கள் மூச்சை இழுப்பது கேட்டது. இழை இழையாகத் தோள் திறந்துகொண்டிருக்கிறது என்பது அவர்கள் மூச்சிலேயே தெரிந்தது. பதறியவர்கள் பார்த்தார்கள், துணி விலகியது; விலகியதால் இன்னும் பதறினார்கள், இன்னும் விலகியது. நிமிரக்கூடாது என்று எத்தனை முறை சொல்லிக்கொண்டாலும் ஒரு நொடி தில்லையும் நிமிர்ந்துவிட்டாள். அந்தப் பெண் அழுகிறாளா என்று பார்க்கத்தான். கண் அவள் முகத்துக்குப் போவதற்கு முன் தோளுக்குப் போனது. ஒரு நொடிதான். அதுவும் கணக்கில் சேர்ந்திருக்கும்.

அந்த நொடிக்காக அவளுக்குத் தன் மேல் வந்த ஆத்திரம் அடங்கப் பல நாட்கள் ஆயின. பிறகுதான் வேறொன்று புரிந்தது. மனிதர் கண் அப்படித்தான் போகும். காயத்துக்குத்தான் முதலில் போகும். அந்தக் கண்ணைத் திருடி, அது சொல்லாத ஒன்றைச் சொன்னதாகச் சாட்சி எழுதிக்கொண்டவர்கள் யார்? ஆத்திரத்தை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தாள். அங்கே அது பொருந்தி உட்கார்ந்தது.

இரண்டு நாள் கழித்து ஜெனிபா மேசையோரம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டே சொன்னாள்:

"அம்மா பேசுனாவக்கா. அப்பா பார்த்தாராம்."

தில்லை ஊசியைக் கீழே வைத்தாள்.

"தழும்ப நல்லா வரைஞ்சிருக்காவன்னு சொன்னாராம். அப்டியே நெசம் மாதிரி இருக்காம்." ஒரு சுளையை வாயில் போட்டாள். மெல்லவில்லை. "சின்னதுல இருந்து மூடி மூடி வச்சேன். ஒரு நாள் நானே தொறந்து காட்டி, இவருதான் செஞ்சாருன்னு சொல்லணும்னு நெனச்சிருந்தேன். இனிமே சொன்னாலும் கதைன்னுதான சொல்லுவாவ?"

அந்தப் பெண்ணிடமிருந்து தோளை மட்டும் எடுக்கவில்லை, அவள் வைத்திருந்த சொல்லையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள் என்று தில்லைக்குத் தோன்றியது.

அந்தத் தீபாவளிக்கு விழித்துணி வீடுகளுக்கு வந்தது. சட்டை, புடவை, துப்பட்டா. 'எல்லோரும் நாயகரே' என்று விளம்பரம். தெருக் கண்களும் கடைக் கண்களும் ஏற்கெனவே ஊரெங்கும் இருந்தன; துணியை அவற்றோடு இணைத்தால் போதும். ஊர் எதை ரசிக்கிறதோ அதைத் துணி எடுத்துக் காட்டுமாம். வெளியீட்டு விழாவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் வாசலிலேயே ஆளுக்கொரு விழித்துணி உடை கொடுத்து மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். இளஞ்சேரன் கருநீலத்தில் விழித்துணிச் சட்டை அணிந்து மேடை ஏறினார். தில்லை வழக்கம்போல் சாதாரணக் கைத்தறிப் புடவையில் கடைசி வரிசையில் நின்றாள்.

அவர் கையில் அன்று கோப்பு இல்லை. ஒலிவாங்கி இருந்தது. இத்தனை வருடமாகக் கோப்புக்குப் பின்னால் இருந்த வயிற்றின் இடப்பக்கம் லேசாகப் புடைத்திருந்தது. முன்வரிசையில் யாரோ ஒருவர் அதைப் பார்த்திருக்கவேண்டும். என்ன அது என்றுதான் பார்த்திருப்பார். கெட்ட எண்ணம் ஒன்றும் இருந்திருக்காது. துணி இளகியது. பக்கத்தில் இருந்தவர் பார்த்தார். பிறகு வரிசை. பிறகு அரங்கம். பிறகு நேரலையில் நாடு.

குடல் அறுவை செய்தவர்களுக்கு வயிற்றில் ஒட்டிவைக்கும் பை அது. பல வருடம் முன்பே செய்துகொண்டிருப்பார் போலிருக்கிறது. யாருக்கும் தெரியாது. கருநீலம் வெளிர்நீலமாகி, வெளிர்நீலம் கண்ணாடியாகி, அதன் நடுவே அந்தப் பை. அவர் கையால் மறைத்தார். மறைத்த கையைப் பார்த்தார்கள். துணி கையைச் சுற்றி இன்னும் விலகியது. விலகிய இழையெல்லாம் அவர் முதுகில் மூட்டையாகக் குவிந்தது.

அரங்கத்திலும் அதே கதைதான். ஒரு பெண் வெண்தேமல் படர்ந்த முழங்கையைப் பொத்திக்கொண்டிருந்தாள். ஒருவர் கழுத்துக் கட்டியை. இன்னொருவர் நெஞ்சில் பச்சை குத்தியிருந்த ஒரு பெயரை. அவர் மனைவி தான் கட்டியிருந்த விழித்துணிப் புடவையை மறந்து அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். கைதட்ட ஒரு கையும் மிச்சமில்லை.

தனக்குச் சந்தோஷம் வரும் என்றுதான் தில்லை நினைத்திருந்தாள். வரவில்லை. இவர்கள்தானே அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள் என்ற கோபம் எழுந்து, அந்த முழங்கையைப் பொத்திய கையைக் கண்டதும் அதோடு நின்றது.

மறுநாள் காலை இளஞ்சேரன் உடைப்பகுதிக்குத் தானே வந்தார். அந்த அறைக்கு அவர் வந்து அவள் பார்த்ததில்லை. கதவைச் சாத்தினார். புதிதாக ஒரு விழித்துணிச் சட்டை, அதன் மேல் மறுபடியும் கோப்பு.

"நாளைக்கு மதுரையில மேடை இருக்கு தில்லை. உள்ள ஒரு அஸ்தர் வச்சுக் குடுத்துருங்க. இந்த எடத்துக்கு மட்டும். உள்ளங்கை அளவு போதும். வெளியில யாருக்கும் தெரியக்கூடாது."

"ஜெனிபாவுக்கு?"

"அது கதைம்மா. நடுவுல மாத்த முடியாது. ஜனம் தழும்பைத்தானே கேட்குது."

"வெளியில விக்கிற சட்டைக்கு?"

"அஸ்தர் வச்சா அப்புறம் அது எப்படி விழித்துணி?"

"அப்ப நீங்க ஒரு பருத்திச் சட்டை போட்டுக்கிட்டுப் போங்க சார். நல்லா இருக்கும்."

"நானே போடலன்னா அதை யார் வாங்குவாங்க?" அவர் குரல் முதல் முறையாக உடைந்தது. "புரிஞ்சுக்குங்கம்மா. நேத்து ராத்திரி என் பொண்ணு ஏன் எங்கிட்ட சொல்லலன்னு அழுதா. எல்லாரும் எப்படிப் பார்த்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

மேசை மேல் வெள்ளைப் பருத்தித் துண்டு இருந்தது. ஜெனிபாவின் தோளிலிருந்து அறுத்தெடுத்தது. குப்பைக் கூடையிலிருந்து எடுத்துத் துவைத்து மடித்து வைத்திருந்தாள். அளவும் சரியாகத்தான் இருக்கும். அவர் பார்வை அதன் மேல் விழுந்தது. கோப்பினைக் கீழே வைத்துவிட்டு அதற்காகக் கையை நீட்டினார்.

தில்லை துண்டை எடுத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

பிறகு பழக்கம் விடாமல் கண்ணைத் திருப்பிச் சுவரில் இருந்த ஈரக்கறையைப் பார்த்தாள். அவர் சட்டையை அவள் பார்க்கவில்லை. அவரைக் கேட்காமல் அவரைத் திறந்து பார்க்கும் எண்ணம் அவளுக்கு இல்லை.

"முடியாது சார்" என்றாள், கறையைப் பார்த்தபடியே.